நாலு பத்து வண்டி

தொண்ணூற்றொன்பதில், இராஜபாளையத்தில் மதார் சாகிப் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரே கதியென்று கிடந்தார் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ஐயாதுரை. லீவு கிடைத்தால் விமான விளையாட்டுதான். அதில் கம்ப்யூட்டரே ஓட்டும் ஆறு விமானங்களுக்கும் அவர்தான் நேரம் குறித்துக் கொடுத்தார். எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிளம்புகிற நேரம்.

அன்று திரையில் ஏழு விமானங்கள். பட்டியலில் ஆறுதான். ஏழாவது சரியாக நாலு பத்துக்கு வந்து, ஓடுபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற ஆறும் இறங்க வழியில்லாமல் மேலே வட்டமடித்தன. அழித்தார். மறுபடியும் வந்து நின்றது.

"நாலு பத்து வத்திராயிருப்பு வண்டில்லா பாய்! அதை நிப்பாட்டி ஆறு வருசமாச்சே," என்று சிரித்தார் ஐயாதுரை.

"அப்ப நீங்கதான் அனுப்பி வைக்கணும் அண்ணாச்சி. பெட்ரோல் தீந்து ஆறும் விழுந்துரப் போகுது."

ஐயாதுரை சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து கண்டக்டர் ஊதுவதுபோல் இரண்டு விசில் பதில் வந்தது. விமானம் ஆடி அசைந்து கிளம்பியது.

"ஸ்பீக்கர் கணீர்னு இருக்கே பாய், எப்ப வாங்குனீக?"

மதார் சாகிப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வாங்கலையே அண்ணாச்சி."