பத்தில் ஒன்று

வரைபடம் காட்டிய இடத்தில் பாறையே இல்லை.

வறண்ட கண்மாய். நடுவில் அவள். தள்ளி நாலைந்து ஆடுகள்.

அவள் அசரவில்லை. “இன்பராஜ், நீயே சொதப்பிட்டியா?” என்று வாய்விட்டுச் சொன்னாள். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

இது புதையல் விளையாட்டு. ஒருவர் சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வலைத்தளத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். முதலில் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளின் முதல் வரியில் பெயர் எழுதலாம்.

அந்த முதல் வரியால்தான் வினை வந்தது. போன வருடம் அழகர்மலையில் அவளும் இன்பராஜும் சேர்ந்து கண்டெடுத்த டப்பாவில், அவன் தன் பெயரை மட்டும் எழுதினான். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன். அன்றோடு பேச்சு நின்றது. வருவான், ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போனது.

இன்று அவன் ஒளித்த டப்பா. முதல் வரி அவளுடையதாக இருந்தே தீர வேண்டும்.

‘பிளந்த பாறை’ என்று குறிப்பு கொடுத்திருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேற்கே, நாகமலைச் சரிவில், தேங்காய் உடைத்துப் போட்டதுபோல் ஒரு பாறை.

நேராக நடந்தாள். பிளவுக்குள் கையை விட்டாள்.

டப்பா.

தாள் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் திறந்தவள் நிறுத்தினாள். அவன் கொடுத்த புள்ளி எப்படி இடம் தப்பியது?

ஒளித்த இடத்தில் நின்று பத்து முறை அளவெடுப்பது இன்பராஜின் வழக்கம். வலைத்தளத்தில் இருக்கும் கருவி பத்துக்கும் சராசரி போட்டு ஒரு புள்ளி தரும். அதில் ஒன்று மட்டும் வேறெங்கோ எடுத்ததாக இருந்தால், புள்ளி அந்தப் பக்கமாக இழுபடும். பத்தில் ஒரு பங்கு தூரம்.

பாறையில் உட்கார்ந்து அதே கருவியைத் திறந்தாள். பாறையிலிருந்து கண்மாய்ப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டாள். அதே திசையில் பத்து மடங்கு நீட்டினாள். திருநகரில் அவன் வீட்டு மாடியில்தான் போய் முட்டும், அங்கே சோதித்துப் பார்த்த அளவை அழிக்க மறந்திருப்பான் என்று நினைத்தாள். காலமெல்லாம் சொல்லிக் காட்டலாம்.

கோடு திருநகர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

வயலைத் தாண்டியது. நான்குவழிச் சாலையைத் தாண்டியது. விளாங்குடிக்குள் நுழைந்தது.

அவள் வீட்டு கேட்டில் வந்து நின்றது.

பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் வீட்டு கேட்டேதான். அங்கே, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அளவு பதியும்வரை நின்றிருக்கிறான்.

அழிக்க மறந்திருப்பானோ?

இன்பராஜ் மறக்கிற ஆள் இல்லை. அவன் பத்துதான் எடுப்பான் என்று தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

“வாசல் வரைக்கும் வந்தவன் பெல்லை அடிக்க வேண்டியதுதானே?”



“அடிச்சேன். கரண்ட் இல்ல.”

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள்.

ஒளித்தவர் அந்தத் தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி.

விதி கிடக்கட்டும். தன் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில், பாதியைக் காலியாக விட்டாள்.

“கெளம்பி வா,” என்றாள். “பேனா என்கிட்ட இருக்கு.”