ஏழு நிமிஷ அறை

காலை எட்டரை மணிக்கே பற்றிமா 214ஆம் அறையின் குளியலறைத் தரையில் முழங்காலில் நின்று உரஞ்சிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குள் கண்ணாடி பளபளக்க வேண்டும், கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் தெரியக்கூடாது. மணிக்கூடு அவள் சொல்லுக் கேட்பதாயில்லை.

"இஞ்சேருங்கோ, காலைத் தூக்குங்கோ. இப்பத்தான் துடைச்சனான்."

கட்டில் ஓரத்தில் இருந்த அவள் கணவர் சூசைதாசன் இரண்டு காலையும் தூக்கினார். "பற்றிமா, நாங்கள் இஞ்ச லீவில ஊர்லாப்புக்கு வந்திருக்கிறம். வேலைக்கு வரேல்லை. பத்தொன்பது வருசத்தில இதுதான் முதல் தரம்!"

உண்மைதான். ஹம் நகரத்திலிருந்து மூன்று ரயில் மாறி, பால்டிக் கடற்கரையில் இருக்கும் இந்த விடுதிக்கு ஒரு கிழமை ஓய்வெடுக்கத்தான் வந்தார்கள். ஆனால் விடுதியில் வேலைக்கு ஆளில்லை. வந்த அன்று அறைச் சாவி தந்த மனிதரே மறுநாள் காலை முட்டை அவித்துத் தந்தார். பின்னேரம் பார்த்தால் அவரே புல்லும் வெட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் நாள்தான் பற்றிமா அறைக்கு வெளியே நடைகூடத்தில் மிதுசாவைக் கண்டாள். அறைகளைத் துப்புரவாக்கும் தமிழ்ப் பிள்ளை. தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேர் செய்த வேலை அக்கா. இப்ப நானும் இன்னொரு அக்காவுந்தான். எனக்குப் பதினாலு அறை. நாலு மணிக்குக் கிண்டர்கார்டன் பூட்டிப்போடுவினம், நேற்றுப் பிந்திப்போனன். மூண்டு தரம் பிந்தினால் மகளின்ர இடம் போயிடுமெண்டு கடிதம் தந்திட்டினம்."

பற்றிமாவுக்கு மனம் தாங்கவில்லை. ஹம்மில் முதியோர் இல்லம் ஒன்றில் கட்டில் விரித்து விரித்தே கை காய்த்தவள் அவள். தங்கள் அறை வேலையையாவது அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கிவிடுவதென்று அங்கேயே முடிவு கட்டினாள். மூன்றாம் நாள் காலை பளிச்சென்றிருந்த அறையைப் பார்த்த மிதுசா, "மாதா மாதிரி வந்திருக்கிறியள் அக்கா" என்றபோது, பற்றிமாவுக்குக் கடலைப் பார்த்ததைவிட அது பெரிய சந்தோஷமாயிருந்தது.

அன்றிலிருந்து சூசைதாசன் பாடுதான் பெரும்பாடு. கண்ணாடியில் நுரை தெறிக்குமாம், சவரத்துக்குத் தடை. குழாயில் மயிர் அடைக்குமாம், தலை முழுகத் தடை. நேற்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோதுகூட, "கடற்கரையில நல்ல கக்கூஸ் இருக்கு, நடந்து போட்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

"எங்கட அறையில எனக்கொரு இடமில்லை" என்று அவர் முணுமுணுத்தார்.

"ஒரு குழந்தைப்பிள்ளையின்ர விசயம். ரெண்டு நாளைக்கு அடக்கிக்கொண்டு இருங்கோவன்."

ஒன்பது மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. மிதுசா உள்ளே வந்ததும் கையிலிருந்த போனில் ஒரு தட்டுத் தட்டினாள். குப்பைப் பையை மாற்றினாள், துவாய்களை மாற்றினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் விடுதியை நடத்தும் அம்மா, எல்லோரும் ஷெஃபின் என்று கூப்பிடும் அந்த நெட்டைப் பெண், வாசலில் வந்து நின்றாள். மிதுசா வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது போனில் இன்னொரு தட்டு. ஷெஃபின் அந்தப் போனை எட்டிப் பார்த்து, மிதுசாவின் தோளைத் தட்டி, "சூப்பர்!" என்றாள்.

"பாத்தியளே, பெரியவவே பாராட்டுறா!" பற்றிமாவின் முகமெல்லாம் சிரிப்பு. "இண்டைக்குப் பிள்ளை மூண்டு மணிக்கே வெளிக்கிட்டிடுவாள்."

பின்னேரம் மூன்றரை மணிக்கு மறுபடியும் கதவு தட்டுப்பட்டது. கதவுத் துவாரத்தால் பார்த்தால் மிதுசா.

"நன்றி சொல்ல வந்திருக்கிறாள். எழும்பி ஒழுங்கா இருங்கோ" என்று கணவரை அதட்டிவிட்டுப் பற்றிமா தலையைக் கோதிக்கொண்டாள். 'இதெல்லாம் ஒரு உதவியே பிள்ளை' என்று சொல்ல வேண்டிய பதிலையும் மனதுக்குள் ஆயத்தமாக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

மிதுசாவுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, கோவிக்காதைங்கோ, பஸ்ஸுக்கு ஓடுறன். காலமை ஷெஃபின் நிண்டவ, சொல்ல ஏலாமப் போச்சு. முந்தி உங்கட அறைக்கு இருபத்தாறு நிமிஷம். உள்ள வரேக்கயும் போகேக்கயும் போனில தட்டுறனானெல்லே, நீங்கள் துடைக்கத் தொடங்கினதிலயிருந்து அது ஏழு நிமிஷமெண்டு காட்டுது."

"நல்லதுதானே பிள்ளை?"

"இந்த அறை ஏழு நிமிஷத்தில முடியுமெண்டால் மற்றதும் முடியுந்தானே எண்டு, நேற்றிலயிருந்து ஷெஃபின் எனக்கு இருபது அறை போட்டிட்டா. நேற்று ரெண்டாம் தரமும் பிந்திப்போனன். இண்டைக்கு மிச்ச அறையளை மற்ற அக்கா பாக்கிறா. நாளைக்கு அவவும் இல்லை."

மிதுசா பற்றிமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்காவது அறையை நல்லா ஊத்தையாக்கிப்போட்டு விடுங்கோ அக்கா!"