நாற்பத்தொன்றாவது ஆள்

மூட்டு வைத்தியப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஒரு மாதமாக ஓடவில்லை. படியேறி வந்த தையல்காரருக்குக் கோபமும் கூடவே ஏறியிருந்தது. ஃபைலை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"வளைஞ்ச காலை நேராக்குறோம்னு எலும்பை வெட்டித் தகடு வெச்சீங்க. மூட்டுத் தேய்மானம் கட்டுக்குள்ள இருக்கும்னீங்க. இப்போ வலி உயிரை எடுக்குது. மிஷின் பெடலை மிதிக்க முடியல, பாதி நாள் கடையே பூட்டிக் கிடக்கு!"

டாக்டர் சிரித்தார். "கோபப்படாதீங்க. ஆபரேஷன் பண்ணிப் பத்து வருஷம் ஆனவங்களை வரச்சொல்லிப் பார்க்கிறோம். இதுவரைக்கும் வந்த நாப்பது பேரும் ஜம்முன்னு நடக்கிறாங்க. நீங்க நாப்பத்தொண்ணாவது ஆள்."

"வலிக்குதுங்கிறேன், காதுல விழலையா?"

"மூணு மாடி விறுவிறுன்னு ஏறி வந்திருக்கீங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

டாக்டர் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதப் போனார். தையல்காரர் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏறி வந்தது நான். என் காலுக்கு ஒரு கேடும் இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டது எங்க அண்ணன். கடையில துணி வெட்டுறது நான், மிஷின் மிதிக்கிறது அவர். மூணு படிக்கு மேல ஏற முடியாம கீழேயே உட்கார்ந்துட்டார்."

டாக்டர் ஃபைலைத் திறந்து பேரைப் பார்த்தார்.

"அவர் பக்கத்துல, கையில ஃபைலோட இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருக்காங்க."

தையல்காரர் பேனாவைத் திருப்பி நீட்டினார்.

"இறங்கி வந்து அவங்களையும் எழுதுங்க."