ஒழுகும் ரேடியேட்டர்

"அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி."

கேட்டுக்கு வெளியே நெல்சன் காலி கேனோடு நின்றான். அவனுக்குப் பின்னால், பானெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பழைய பிக்கப்.

"இன்னைக்குமா?" என்றார் எபினேசர்.

"இன்னா பண்றது. சூடாயிடுது. ரேடியேட்டரு ஒழுவுது."

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு எண்ணூர் போகிற வண்டி. திருவொற்றியூரில் எபினேசர் வீட்டு வாசலுக்கு வந்தால் நின்றுவிடும். போன மழைக்காலத்திலிருந்து இதே கதை.

எபினேசர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர். இதே தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மனைவி தவறியபின் கடையை விற்றுவிட்டார். மகள் ஷிஜி மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் டிவிதான் பேசும்.

"அதை மாத்தித் தொலையேன்டே," என்றார், கேனை நிரப்பிக்கொண்டே. "இஞ்சினும் சேர்ந்து போகப் போகுது."

"இது பித்தளை அண்ணாச்சி. ஈயம் வச்சு அடைச்சா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இப்ப வர்றது அலுமினியம், மேல கீழ பிளாஸ்டிக்கு. விரிசல் வுட்டுச்சுன்னா தூக்கிப் போட வேண்டிதான்."

"அப்ப அடைக்கவாவது செய்."

"அடைச்சேன். இப்ப வேற எடத்துல ஒழுவுது."

"அதுக்குத்தான் சொல்லுதேன், புதுசு போடுன்னு."

இந்த வழக்கு தினமும் நடக்கும். எஞ்சின் ஆறும்வரை நெல்சன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். மீன் விலை, சர்ச் சண்டை, அண்ணாச்சியின் முட்டிவலி என்று பேச்சு எங்கெங்கோ போகும். அப்புறம் பானெட்டுக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றுவான். ஊற்றியதில் பாதி ரோட்டில்தான் ஓடும்.

'சரியான பிசினாரி' என்று எபினேசர் மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

கோடை வந்தது. குழாய் வறண்டு, தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. மாடி வீட்டு கரோலின், மோட்டார் போடச் சொல்வதற்குத் தவிர அவரிடம் வாய் திறக்காதவள், அன்றைக்கு இறங்கி வந்தாள்.

"அங்கிள், நாங்க ஒரு கொடத்துக்கு அல்லாடிக்கினு கீறோம். நீங்க அந்தாளுக்குக் கேன் கேனா ரொப்பித் தர்றீங்க. நல்லா ஏமாத்தறான் உங்கள."

அது எபினேசருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் நெல்சன் கேனை நீட்டியதும் வெடித்துவிட்டார்.

"இது என்ன தண்ணிப் பந்தலாடே? ஒரு ரேடியேட்டர் மாத்த வக்கில்லாதவனுக்கு வண்டி எதுக்கு? இனிமே இங்க நிறுத்தாத."

நெல்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சரி அண்ணாச்சி," என்று காலி கேனை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் வண்டி நிற்கவில்லை. எபினேசர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பிக்கப் வரும், போகும். வேறு எங்கோ தண்ணீர் பிடிக்கிறான் போல என்று நினைத்துக்கொள்வார். காபி ஆறிப் போயிருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் முட்டிக்குத் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போனார். "என்ன சார் வேணும்?" என்று கேட்டதும், பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. கனைத்துச் சரிசெய்துகொண்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பும் வழியில் ஒரு மெக்கானிக் ஷெட். உள்ளே நெல்சனின் பிக்கப் நின்றது. கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனார்.

மெக்கானிக் அமீருதீன் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நெல்சனா? பிரேக்கு பாக்க வுட்டுருக்கான். டீ குடிக்கப் போனான், வந்துருவான்."

"அவன் வரட்டும் பாய். அதுக்குள்ள ஒரு விஷயம்," என்றார் எபினேசர். "இதுல ரேடியேட்டரையும் மாத்திருங்க. புதுசே போடுங்க, பணம் நான் தாரேன். அவனுக்குத் தெரிய வேண்டாம்."

அமீருதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? அத கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. என் கையாலதான் போட்டேன். ஒரு சொட்டு ஒழுவாது."

"அப்ப... தெனம் தண்ணிக்கு நிக்கானே?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'போற வழில ஒரு அண்ணாச்சி தனியா கீறாரு பாய். சும்மா போய் உக்காந்தா, பாவம் பாக்கறான்னு நெனச்சுப்பாரு. தண்ணி கேட்டா உரிமையா திட்டுவாரு'ன்னான்." அமீருதீன் மறுபடி டயர் பக்கம் குனிந்தார். "இப்ப கொஞ்ச நாளா அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு சுத்தறான்."

எபினேசர் அங்கே கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

நெல்சன் வந்தான். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"இன்னா அண்ணாச்சி, இங்க?"

எபினேசர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கோடை வெயிலு ஏறிட்டுல்லா," என்றார். "நாளைக்கு என் வாசலுக்கு வரும்போது உன் ரேடியேட்டரு கட்டாயம் சூடாகும். நிறுத்திட்டு இறங்கி வா. தண்ணி கம்மியாத்தான் தருவேன். ஆனா நல்லா திட்டுவேன்."