பிறந்த வீட்டுக் கோடி

"கோடி போட நீ யாருடி? பொறந்த வீடா?"

"ஆமா. பொறந்த வீடுதான்."

பந்தலில் ஒப்பாரி நின்றது. அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சண்டை போனால் வராது.

நடுவில், பெஞ்சில் சீனித்தாய். தெருவுக்கே சீனியக்கா. பெயரிலும் சீனி, ரத்தத்திலும் சீனி. பார்த்த டாக்டர் ரிட்டயர் ஆகிப் போய்ச் சேர்ந்த பிறகும் இருந்தவள். பேரன் பிள்ளைக்குக் காது குத்தி, அந்த விருந்தில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

செத்தது பெண் என்றால், குளிப்பாட்டியதும் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். அதைப் போர்த்தாமல் தூக்க மாட்டார்கள்.

சீனியக்காவோ அண்ணன், தம்பி, அவர்கள் பிள்ளைகள் என்று பிறந்த வீட்டையே ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு, நிதானமாகக் கிளம்பியிருக்கிறாள்.

"பொறந்த வீட்டுக் கோடி வரலாம்."

பங்காளிப் பெரியவர் கோட்டைச்சாமி ஒரு சடங்குக்குத்தான் குரல் கொடுத்தார். வர ஆளில்லை என்று அவருக்குத் தெரியும்.

மூலைவீட்டுக்காரி எழுந்தாள். கையில் கிளிப்பச்சைச் சேலை.

எதிர்வீட்டு அழகுராணியும் எழுந்தாள். அவள் கையில் மாம்பழ நிறம்.

அங்கே பிடித்தது.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு" என்றாள் மூலைவீட்டுக்காரி. "நீதான்டி எனக்குப் பொறந்த வீடுன்னு."

பொய்யில்லை.

வேறு சாதிக்காரனோடு இந்தத் தெருவுக்கு வந்தவள் அவள். அப்பன் தலைமுழுகிவிட்டான். முதல் ஆடிக்குத் தெருவில் புதுசாகக் கல்யாணமானவர்கள் எல்லாரும் ஆத்தா வீட்டுக்குப் பை தூக்க, அவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சீனியக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உனக்கும் போக வீடில்லை, எனக்கும் இல்லை என்றாள்.

அப்போது சீனியக்காவின் அண்ணன் உயிரோடுதான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

அதிலிருந்து, மருமகள் ஜெயக்கொடியோடு முட்டிக்கொள்ளும்போதெல்லாம் சீனியக்கா, "நான் பொறந்த வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புவாள். மருந்து டப்பா ஒரு கையில். டிவி ரிமோட் மறு கையில். மூலைவீட்டில் வந்து உட்கார்ந்தால், ஜெயக்கொடிக்கு அன்றைக்குச் சீரியல் கிடையாது.

"ரிமோட்டோட எங்க வீட்டுக்கும்தான் வந்துச்சு" என்றாள் அழகுராணி. "என் ஈரல் கொழம்ப ஊத்தித் தின்னுட்டு, எங்க ஆத்தா கைப்பக்குவம்டி, நீதான் என் பொறந்த வீடுன்னுச்சு."

"பொய் சொல்லாத."

"சீனியக்கா மேல சத்தியம்!"

"செத்தவ மேல எதுக்குடி சத்தியம் பண்ற? இனிமே அதுக்கு என்ன ஆகப்போகுது?"

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். தையற்கடை மீரான் பாய். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். அதன் ஓரத்தில் அரக்குக் கரை தெரிந்தது.

"எங்கிட்டயும் சொல்லியிருக்காக" என்றார், தரையைப் பார்த்து. "ரவிக்கைக் கை இறுக்குதுன்னு சண்டைக்கு வந்தாக. பிரிச்சுத் தச்சுக் குடுத்தேன். கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான்டா தம்பி, நீதான் எனக்குப் பொறந்த வீடுன்னாக."

மூலைவீட்டுக்காரியின் கை தாழ்ந்தது.

அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கிழவி தெரு முழுக்கப் பந்தி வைத்திருக்கிறாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். வழியெல்லாம் ஆட்கள். ஒருவரும் நகர்வதாக இல்லை.

"ஒரு பொம்பளைக்கு எத்தன பொறந்த வீடுப்பா?" என்றார் கோட்டைச்சாமி.

தலைமாட்டிலிருந்து ஜெயக்கொடி நிமிர்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நாக்கு வீங்கவில்லை.

"மூணையும் போடுங்க மாமா. மூணு வீட்லயும் உக்காந்து என்னையத்தான் பேசியிருக்கு. ஒரு வீட்ட மட்டும் எப்படி விடுறது?"

பந்தல் குலுங்கியது. சீனியக்காவின் மூத்த மகன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

"யாரு மொதல்ல?"

"மூலவீட்டு அக்கா" என்றாள் ஜெயக்கொடி.

அழகுராணி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஆடிக்குப் போக அவளுக்கு மேலூரில் வீடு இருந்தது.

கிளிப்பச்சை விரிந்தது. அதன் மேல் மாம்பழம். அதன் மேல் அரக்கு.

இவ்வளவு சேலையோடு சீனியக்கா கல்யாணத்தன்றுகூட இருந்திருக்க மாட்டாள். கொட்டுக்காரர்கள் அடித்த அடியில் பக்கத்துத் தெருவும் வேடிக்கை பார்க்க வந்தது.

அடுத்த வருஷம் அழகுராணியை மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டான். ஈரல் குழம்பு இப்போது அங்கே.

வைகாசியில் மூலைவீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். "தாய்மாமன் வாங்க" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். மூலைவீட்டுக்காரி குனிந்து மகளின் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

முன்வரிசையில் மீரான் பாய் எழுந்தார். மாலை. தட்டு. புதுச்சட்டை, அவரே தைத்தது.

தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கோட்டைச்சாமி விரல்விட்டு முறை பார்த்தார். ஒரே பிணத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டவர்கள். அண்ணன் தங்கச்சி. சரியாகத்தான் வந்தது.

அப்புறம் பாயும் கடையை மூடிவிட்டுக் கீழக்கரைக்கு, மகனோடு போய்விட்டார்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னதாகவே மூலைவீட்டுக்காரி பஸ் ஏறிவிடுகிறாள். புருஷன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று தெரு கவலைப்படுகிறது. அவள் படுவதில்லை.

திரும்பி வரும்போது பையில் புதுச்சேலை இருக்கும். நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, பிரித்துக் காட்டி, சுருக்கம் விழாமல் மடித்துக்கொண்டுதான் போகிறாள்.