ஏழாம் நம்பர் வயர்

"சிவப்பு வயரை பேட்டரியில மாட்டணும், மாஸ்டர்."

"சிவப்புன்னு ஒண்ணு என் வகுப்புல கிடையாதும்மா. ஏழாம் நம்பர் வயர்னு சொல்லு. ஒரு மார்க் போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது.

உல்லாசப் படகுகளில் ரேடியோ, ஜிபிஎஸ், விளக்கெல்லாம் மாட்டக் கற்றுத்தரும் வகுப்பு அது. அவளும் புருஷனும் சேர்ந்தே படித்தார்கள். இரண்டு பேரும் பாஸானால் படகுத்துறையிலேயே வேலை.

இந்த மாஸ்டரோ, ஒவ்வொரு வயரிலும் விளக்கிலும் நம்பர் ஒட்டச் சொல்லி உயிரை எடுத்தார்.

வீடு போகும்வரை பொரிந்து தள்ளினாள்.

"கண்ணு தெரியாதவங்களுக்கா பாடம் நடத்துறாரு? ஒட்டுறதுக்கே பாதி நேரம் போகுது. நாளைக்குப் பரீட்சையில கோட்டை விடப்போறோம். நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கத்தான் போறேன்."

"விடும்மா. பாவம், பெரிய மனுஷன்."

"உங்களுக்கு எல்லாரும் பாவம்தான்." வீட்டுக்குள் நுழைந்ததும், அவன் வழியில் வாங்கிய காய்கறிப் பையைக் கவிழ்த்தாள். "இதப் பாருங்க, இன்னைக்கும் காய்த் தக்காளி! கண்ணை எங்க அடகு வச்சீங்க?"

அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

மறுநாள் பரீட்சை. மேசைமேல் இரண்டு படகு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இடப்பக்கத்துக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்குப் பச்சை.

"தம்பி, இடப்பக்க விளக்கை எடுத்து மாட்டுங்க" என்ற மாஸ்டர், ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புருஷனின் கை பச்சை விளக்கை எடுத்தது. நின்றது. மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தான். சத்தமில்லாமல் அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சையும் சிவப்பும் அவனுக்கு ஒன்றுதான்! இத்தனை நாள் வாங்கிவந்த அத்தனை தக்காளியும் கண்முன் உருண்டன.

விளக்கு, ரேடியோ எல்லாம் சரியாக மாட்டி, அவன்தான் முதலில் முடித்தான்.

"ரெண்டு பேரும் பாஸ்" என்றார் மாஸ்டர். "ஏம்மா, காலையிலேருந்து ஏதோ கேக்கணும்னு முறைச்சுட்டே இருந்தியே?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்..." என்றாள். "அந்த நம்பர் டேப் எந்தக் கடையில கிடைக்கும்? வேலைக்குப் போனா நிறைய வேணும்."

வழியில் காய்கறிக் கடை வந்தது. புருஷன் வழக்கம்போலத் தக்காளிக் கூடைப் பக்கம் நகர்ந்தான். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"தக்காளியை நான் பாத்துக்கறேன். நீங்க வெங்காயம் பொறுக்குங்க. உங்களை மாதிரி எனக்கு அது வரமாட்டேங்குது."