பத்தொம்பதுல நிறுத்தோணும்

“எங்க ஊட்டுக்காரிக்கு வயசு குறைஞ்சுக்கிட்டே வருதுங்க வாத்தியாரே. தீபாவளிக்கு நாப்பது, பொங்கலுக்கு முப்பது, நேத்து இருபதுங்க! இன்னைக்கு எத்தனைன்னு கேக்கவே பயமா இருக்குது.”

நஞ்சுண்டன் இதைச் சொன்னதும் பெரியநாயக்கன்பாளையம் பேக்கரியில் டீ கிளாஸ்கள் ஒரு சாண் எகிறி இறங்கின. அரங்கசாமி வாத்தியார் சிரித்த சிரிப்பில், மேட்டுப்பாளையம் போகிற பஸ், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பிரேக் போட்டு நின்றது.

வாத்தியார் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனிடம் ஒரு வருசம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் ஊர் திரும்பியிருந்தார். நஞ்சுண்டனோ பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவர். அவர் விடும் கதைகளை முடிச்சுப் போட்டால் ஊட்டி வரைக்கும் கொடி கட்டித் துணி காயப்போடலாம்.

“ஏப்பா, உடம்புல ஒரு செல்லு இத்தனை தடவைதான் ரெண்டாப் பிரியும்னு அளவு இருக்குது. ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஒரு நுனி தேயும், செருப்பு தேயற மாதிரி. அந்தத் தேய்மானத்தை நிறுத்தலாம்னு அமெரிக்காவுல இப்பத்தான் சோதனைக் குழாய்ல பாத்திருக்கறான். அதுக்குள்ள உங்க ஊட்டுல நடந்துபோச்சா? எந்த லேகியம்?”

“லேகியமெல்லாம் இல்லீங்க. தானாக் குறையுது. அதை நிறுத்தத்தான் உங்ககிட்ட மருந்து கேக்கறேன்.”

வாத்தியாருக்குப் புரையேறியது.

“பத்தொம்பதுலயாவது நிறுத்திப்போடோணுங்க. எங்க கண்ணாலத்தப்ப அவளுக்குப் பத்தொம்பது. அதுக்குக் கீழ போயிட்டா நான் தொலைஞ்சேன்.”

“அடப்பாவி! பல்லு போன வயசுல உனக்குப் புதுப்பொண்ணு கேக்குதா?”

பேக்கரியே குலுங்கியது. நஞ்சுண்டனும் சேர்ந்து சிரித்தார். கல்லாவில் இருந்த ராமுலு மட்டும் சிரிக்கவில்லை. கேட்காமலே தேன் கேக்கைப் பொட்டலம் கட்டி நீட்டினார்.

“நீங்களே வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க” என்று நஞ்சுண்டன் வாத்தியாரைக் கையோடு கூட்டிப்போனார். ஆனால் வீட்டு கேட் வந்ததும் நின்றுவிட்டார். கேக்கையும், சட்டைப் பையிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ரிப்பனையும் வாத்தியார் கையில் திணித்தார்.

“நீங்க போங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

உள்ளே நஞ்சுண்டன் மனைவி ராமாமணி உட்கார்ந்திருந்தார். பஞ்சாக நரைத்த தலை, சுருங்கிய கன்னம். இதுவா இருபது? வாத்தியாருக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது.

“வாங்க. எங்கய்யனைப் பாக்க வந்தீங்களா? சந்தைக்குப் போயிருக்குறாரு, இப்ப வந்துருவாரு.”

வந்த சிரிப்பு அப்படியே நின்றது. அந்த அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் வாத்தியாரும் ஒருவர். அது எந்தக் காலம்!

ராமாமணி ரிப்பனை ஆசையாக வாங்கிச் சடை நுனியில் சுற்றிக்கொண்டார். “வைகாசியில எனக்குக் கண்ணாலமுங்க. மாப்பிள்ளை லேத்துப் பட்டறையில வேலையாமா. பேரு நஞ்சுண்டனாமா. நான் இன்னும் பாக்கலீங்க. உங்களுக்குத் தெரியுங்களா? நல்லவருங்களா?”

வாத்தியார், ஆமாம் என்று தலையை ஆட்டினார். செல், நுனி, சோதனைக் குழாய் என்று அத்தனை வருசம் நடத்திய பாடத்தில் ஒரு வரி கூடக் கைகொடுக்கவில்லை.

“அப்புறமுங்க...” ராமாமணி குரலைத் தாழ்த்தினார். “கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரியவரு நின்னு எட்டி எட்டிப் பாக்கறாருங்க. கண்ணாலம் ஆகப்போற புள்ள இருக்கற ஊடு. அய்யன் பாத்தா வைவாரு. போகச் சொல்லிப்போடுங்க.”

வாத்தியார் வெளியே வந்தார். நஞ்சுண்டன் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எத்தனைங்க வாத்தியாரே? இப்பவாச்சும் நம்பறீங்களா?”

அரங்கசாமி அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தார்.

“நெசந்தான் நஞ்சுண்டா. உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.”